தெற்குச் சுவரில் தொங்கிய ஆறு

வடக்கு ஏன் மேலே இருக்கிறது?

போன வியாழக்கிழமை என் மகள் இப்படிக் கேட்டாள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். நான் பி.எஸ்சி., பி.எட். முடித்தவள். “அடுப்புல பால் இருக்கு” என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை. அன்றிலிருந்து யோசிக்கிறேன், பதில் வரவில்லை.

விஷயம் இதுதான். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது அவள் பள்ளி. தாளின் அடியில் வீட்டையும் உச்சியில் பள்ளியையும் வரைந்திருந்தாள். நடுவில் மாவு மில், வேப்பமரம், எப்போதும் படுத்தே கிடக்கும் நாய். ஓரத்தில் அம்புக்குறி போட்டு ‘வடக்கு’ என்றும் எழுதியிருந்தாள். அம்பு இடது பக்கம் பார்த்தது. பொய்யில்லை, பள்ளியைப் பார்த்து நடந்தால் வடக்கு இடது கைப்பக்கம்தான். ஆனால் நோட்டு திரும்பி வந்தபோது அம்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘வடக்கு மேலே இருக்க வேண்டும். திருத்தி வரைந்து, பெற்றோர் கையொப்பத்துடன் திங்களன்று கொண்டுவரவும்.’

“நாம போற பக்கம்தானம்மா மேல இருக்கும்? உன் போன்ல அப்படித்தான வருது?” என்றாள் மகள்.

என்னால் முடியாததை என் கணவர் முயன்று பார்த்தார். “எல்லாரும் அப்படித்தான் வரையுதாங்க. ரோட்டுல எல்லாரும் இடது பக்கமாப் போறோம்லா, அது மாதிரி.”

“அந்த எல்லாரும் எங்கன நின்னு பாத்து வரைஞ்சாங்க?”

அவர் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. ஏனென்றால் ஆறாம் வகுப்பில் நானும் இந்தக் கேள்வியோடு மாட்டிக்கொண்டவள்.

என் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். நிலவரைபடத்தில் கடலுக்கு நீலம் ஏற்ற, வண்ணப் பென்சிலைச் சீவி அந்தத் தூளைக் காகிதத்தால் தேய்ப்போமே, அந்தப் பிள்ளைகள் நாம். எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில், தாமிரபரணியின் வடகரையில். ஆற்றைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் பொதிகை மலை. தண்ணீர் அங்கிருந்து வந்து இடது கைப்பக்கமாகக் கடலைத் தேடிப் போகும்.

இன்று வலது, இடது என்று எழுதுகிறேன். அன்று எங்கள் வீட்டில் அந்த இரண்டு சொற்களுக்கும் வேலையே கிடையாது. “அந்தத் தம்ளரைக் கொஞ்சம் மேக்க தள்ளி வையி, கை பட்டுரும்” என்பாள் அம்மா. “ஏட்டி, தெக்க நகந்து படு.” இலையில் அப்பளம்கூட வடக்கோரத்தில்தான் இருக்கும். பல்வலிக்கு மட்டும் ‘இந்தப் பக்கம்’ என்று விரலை வைத்துக் காட்டுவோம், ஆள் திரும்பினால் பல்லும் திரும்பிவிடுமே.

அந்த வருடம் எங்களுக்குச் சமூக அறிவியல் எடுக்க வந்த டீச்சர் ஆழ்வார்திருநகரிக்காரர். அதே ஆறுதான், கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். எங்கள் தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினால் திங்கள் காலையில்தான் வருவார். ஊரில் தன் தாயாரிடம் பத்து மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தார். தெருக்குழாயில் பெண்களுக்கு அதுதான் பேச்சு. “பச்சப்புள்ளைய விட்டுட்டு வந்து ஊரான் புள்ளைக்கு ஆறு மலைன்னு சொல்லிக்குடுக்கா. எப்படித்தான் மனசு வருதோ” என்று என் அம்மாவே சொன்னாள். திங்கட்கிழமைகளில் டீச்சரின் கண் சிவந்திருக்கும். சன்னலோரச் சீட்டில் காற்றடித்திருக்கும் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம்.

டீச்சர் ஊர்ப்பக்கத்துக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். புரட்டாசியில் ஆய்வுக்கு வரும் ஆபீசர் நல்லபடியாக எழுதினால் கிடைத்துவிடும் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். அதற்காகவே ஒரு படம் செய்தார். கரை கிழித்த பழைய வேட்டியில் மேலும் கீழும் மூங்கில் குச்சி கோத்து, பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஆறு முழுவதையும் வரைந்தார். ஆற்றுக்கு, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம். மலைக்குக் கோவை இலைச் சாறு. நாங்கள் இலை கசக்கிக் கசக்கிக் கையெல்லாம் பச்சை வாடை. ஊர்களுக்குச் சிவப்புப் பொட்டு. அதில் ஆழ்வார்திருநகரிப் பொட்டு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது.

“டீச்சர், உங்க ஊரு திருநெல்வேலிய விடப் பெருசா?” என்று கேட்டேன்.

“எனக்குப் பெருசுதான்” என்றார்.

கரும்பலகை இருந்த தெற்குச் சுவரில்தான் ஆணி இருந்தது. படத்தை அங்கே மாட்டினார்கள். நாங்கள் தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். வலது பக்கச் சன்னலைத் திறந்தால் பொதிகை நீலமாகத் தெரிகிறது. படத்திலோ மலை இடது பக்கம் இருக்கிறது. ஆறு கடலிலிருந்து மலைக்கு ஏறுவதுபோல எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. இவ்வளவு பெரிய தப்பு யார் கண்ணிலும் படவில்லையே என்று தவித்தேன்.

மாதத் தேர்வில் ஆற்றை வரையச் சொன்னார்கள். மலையை வலது பக்கம் வைத்து, இருக்கிறபடி வரைந்தேன். பூஜ்யம்.

“ஏளா, கண்ணு முன்னால படம் தொங்குது. அதைப் பாத்து வரையுறதுக்குமா வராது?”

“படத்துல மலை தப்பால்லா இருக்கு டீச்சர். மலை அங்கன இருக்கு” என்று சன்னலைக் காட்டினேன்.

டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். “புள்ளைக்கு இடம் வலம் பிடிபடல. எதுக்கும் கண்ணைக் காட்டிருங்க.” அப்பா தபால்காரர். ‘கோயிலுக்கு மேக்க மூணாவது வீடு’ என்று ஊரையே திசையால் அளப்பவர். அவரும் இடம் வலம் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் டீச்சர் சொன்னால் சரிதான் என்று மறுநாளே லீவு போட்டு என்னைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனார்.

கண் டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொன்னார். சுவரில் பல அளவில் ஆங்கில ‘ஈ’ எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பி.

“இது எந்தப் பக்கம் தெறந்திருக்கு, சொல்லு பாப்போம்.”

நான் அறையின் நான்கு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“தெரியலையா?”

“தெரியுது டாக்டர். இங்கன மேக்கு எதுன்னு தெரியல. அதைச் சொன்னீங்கன்னா சொல்லிருவேன்.”

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். பஸ் நாலைந்து முறை வளைந்து வளைந்து வந்ததில் அவருக்கும் திசை குழம்பியிருந்தது. “அண்ணாச்சி, நம்ம ரூமுக்கு மேக்கு எந்தப் பக்கம்?” என்று டாக்டர் வெளியே பார்த்துக் கேட்டார். மருந்து எடுத்துக்கொடுக்கும் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “சாமி படம் மாட்டிருக்க சுவரு. காலைல விளக்கு ஏத்துனா நேரா கெழக்க பாத்து எரியும்” என்றார்.

அவ்வளவுதான். மேக்க, கெழக்க, மேல, மேக்க, கீழ என்று கடைசி வரி வரை நிற்காமல் சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார். “கண்ணு கழுகு மாதிரி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க.” திரும்பும் வழியில் அப்பா அல்வா வாங்கிக் கொடுத்தார். சந்தோஷத்திலா குழப்பத்திலா என்று தெரியவில்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் டீச்சர் சொன்னார்: “நாளைக்கு ஆபீசர் வாராரு. வகுப்புல ஒரு தப்பு இருக்கக்கூடாது. எது தப்பாப் பட்டாலும் என்கிட்ட வந்து கேக்காண்டாம், உடனே சரி பண்ணிருங்க.”

எனக்கு அதுதான் உத்தரவு. டீச்சருக்கு மாறுதல் கிடைக்க வேண்டும். அந்தப் பாப்பாவிடம் அவர் போய்ச் சேர வேண்டும். தப்பான ஆற்றை ஆபீசர் பார்த்துவிட்டால் எல்லாம் போய்விடும். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். பெஞ்சைச் சுவரோரம் இழுத்து ஏறி, படத்தைக் கழற்றி, அடிக்குச்சியில் சணல் கயிறு கட்டி, தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். இப்போது மலை சன்னல் பக்கம் வந்துவிட்டது. ஆறு வலமிருந்து இடமாக, எங்கள் ஊர் ஆறாகவே ஓடியது. ஊர்ப் பெயர்கள் மட்டும் கவிழ்ந்து கிடந்தன. சிரித்தவர்களிடம், “பேசாம இருங்கட்டி, இப்பதான் சரி” என்றேன்.

டீச்சர் பதிவேடுகளோடு தலைமையாசிரியர் அறையில் நின்றிருந்தார். ஆபீசருக்குப் பின்னாலேயே வகுப்புக்குள் நுழைந்தவர் சுவரைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஆனால் அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆபீசர் படத்தின் முன் நின்று கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு இன்னும் சாய்த்தார். “ஆழ்வார்… திருநகரி” என்று எழுத்துக்கூட்டினார். “உங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தா கழுத்து சுளுக்கிரும் போலுக்கே.”

“தெரியாம மாட்டிட்டாங்க சார். இந்தா, மாத்திருதேன்” என்று டீச்சர் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்.

“மாத்தாண்டாம் டீச்சர்” என்று நான் எழுந்தேவிட்டேன். “மாத்துனாத்தான் தப்பு.”

ஆபீசர் திரும்பினார். “நீயா மாட்டின?”

“ஆமா சார்.”

“எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?”

“எழுத்து தலைகீழா இருந்தா நாம தலையச் சாச்சுப் படிச்சுக்கிடலாம் சார். ஆறு தலைகீழா ஓடுனா ஆத்தை என்ன செய்ய முடியும்?”

அவர் சன்னலுக்குப் போனார். மலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கையால் காற்றில் என்னவோ திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப தப்பு படத்துல இல்ல, சுவத்துல இருக்கு” என்று சொல்லி உரக்கச் சிரித்தார். தலைமையாசிரியரும் சிரித்தார். ஆபீசர் சிரித்தால் அவர் சிரிப்பார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ஆய்வுப் புத்தகத்தில் ஆபீசர் நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று மாலை வரை டீச்சர் என்னைத் திட்டவும் இல்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. மாறுதலைக் கெடுத்துவிட்டேன் என்று புரிந்தபோது வீட்டுக்கு வந்து அழுதேன். “படத்தைத் திருப்பி மாட்டுனதுக்காட்டி இவ்வளவு அழுக?” என்றாள் அம்மா. அந்தப் பாப்பாவுக்காக அழுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு சனி, ஞாயிறில் ஓடு ஒழுகி, தெற்குச் சுவர் முழுக்க நனைந்தது. திங்களன்று போய்ப் பார்த்தால் நீலம் கரைந்து ஆறு இரண்டு கரையும் புரண்டிருந்தது. “ஏ, தாமிரபரணியில வெள்ளம்!” என்று பிள்ளைகள் கூத்தாடினார்கள். வெயில் வந்ததும், “வெளிய கொண்டுபோய்க் காய வைங்க” என்று டீச்சர் அலுப்போடு சொன்னார்.

மைதானத்தில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தோம். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு மூலையைப் பிடித்து, பொதிகைப் பக்கம் பச்சை மலையும் கடல் பக்கம் நீலமும் வரும்வரை பைய இழுத்துத் திருப்பினேன். இந்த முறை எழுத்துக்கும் கேடில்லை. வேண்டுகிறவர்கள் சுற்றிவந்து படித்துக்கொள்ளலாம். சுவர்தான் வம்பு, தரையில் சண்டையே இல்லை.

டீச்சர் வந்தார். படத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

“நம்ம பள்ளிக்கூடம் இதுல எங்க வரும்?” என்று என்னைக் கேட்டார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஆற்றின் வடகரையில் ஒரு கூழாங்கல்லை வைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து கல்லில் ஒரு விரலையும், தடித்த சிவப்புப் பொட்டில் இன்னொரு விரலையும் வைத்தார். அப்படியே அந்தக் கோட்டில் தலையைத் தூக்கிப் பார்த்தார். மதிலுக்கு மேலே, வாழைத்தோட்டத்தைத் தாண்டி, ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

“அப்ப அந்தா அங்கனதான் இருக்கானா?” என்றார்.

“யாரு டீச்சர்?”

“பஸ்ஸு சுத்திச் சுத்திப் போகும். நேரா எந்தப் பக்கம்னு நினைச்சே பாத்ததில்ல” என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதன் பிறகு இடைவேளைகளில் டிபன் பாக்ஸோடு வராந்தாவின் கடைசித் தூணருகே நின்று, தண்ணீர்த் தொட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். தொட்டி நிறைந்து வழிகிறதா என்று பார்க்கிறார் என நாங்கள் பேசிக்கொண்டோம். என் மகளை முதன்முதலாகக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போன அன்றுதான், அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. ஊரில் பெரியவர்கள் அத்தனை பேரும் அவரைத் தப்பாக எடைபோட்டிருக்கிறார்கள், என் அம்மா உட்பட.

பொங்கல் லீவு முடிந்த கையோடு மாறுதல் வந்துவிட்டது. போகும்போது அந்தப் படத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். “சுவத்துல மாட்டிராத, என்ன?” என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அந்தக் கோடையில் அம்மா அதை மொட்டைமாடியில் விரித்துக் கொத்தவரங்காய் வத்தல் போட்டாள். பொதிகை மேல் வத்தல், கடல் மேல் வத்தல். பிறகு அது அடுப்படியில் சட்டி இறக்கும் துணியாகி, எப்போது தொலைந்தது என்று தெரியாமல் தொலைந்தும் போயிற்று.

இவ்வளவும் தெரிந்த நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன செய்தேன் தெரியுமா? ரப்பரை எடுத்து மகளின் படத்தை அழித்தேன். வடக்கை மேலே வைத்து நானே வரைய ஆரம்பித்தேன். மாவு மில் வரைக்கும் வந்திருப்பேன். “இதுல போனா நான் வேற எங்கயோ போயிருவேன்மா” என்றாள். பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவ்வளவுதான், சண்டை போடவில்லை. பூஜ்யம் வாங்கிய அன்று நான் எப்படி உட்கார்ந்திருந்தேனோ, அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய ஆசிரியையைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நாற்பது நோட்டைத் திருத்துகிறவருக்கு ஏதாவது ஒரு பக்கம் மேலே இருந்தாக வேண்டும். அவர் வீட்டிலும் ஒரு குழந்தை காத்திருக்கலாம். பரீட்சையில் வடக்கைத்தான் மேலே கேட்பார்கள், அதையும் இவள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் நான் கையெழுத்துப் போட்டால், ‘நீ பார்த்தது தப்பு’ என்று நானும் சேர்ந்து சொல்வதாகாதா? ‘அம்புக்குறி சரிதான், ஒருமுறை பாருங்கள்’ என்று கடிதம் எழுதினால், வாயாடிப் பிள்ளை, வாயாடி அம்மா என்று பெயர் வருமோ? ஒரே தாளில் இரண்டு படமும் வரையச் சொல்லட்டுமா? அது தப்பிக்கிற வழியா, நல்ல வழியா?

இன்று சனிக்கிழமை. நோட்டு கூடத்தில் தரையில் கிடக்கிறது. காலையில் பெருக்கப் போனபோது பார்த்தேன், யாரோ அதைப் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். அழித்த கோடுகளின் தடம் வெளிச்சத்தில் தெரிகிறது. அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீங்களும் பிள்ளை வளர்ப்பவர்கள்தான். கையெழுத்தா, கடிதமா? என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது இந்தத் திங்கள் போயிருக்கும். பரவாயில்லை, அடுத்த பாடம் இந்தியா வரைபடம்.

எழுதும்போது எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதையும் ஓரத்தில் குறிப்பிடுங்கள். மகள் கேட்கச் சொன்னாள்.